மேரியம்மாவின் ஞானப்பிள்ளைகள்

கோர்ட்டு வாசலில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் கிடக்கும் சிமென்ட் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு ஊரெல்லாம் சொந்தம். வேதாசலம் தாய்மாமன். செல்போன் திருடியவன், குடித்துவிட்டு வண்டியோட்டியவன், மச்சானின் மண்டையை உடைத்தவன், யாராக இருந்தாலும் அவர்தான் தாய்மாமன். தெலுங்கன், மார்வாடி, பீகாரி என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. உமாசங்கர் எல்லோருக்கும் பெரியப்பா மகன். ஆரோக்கியமேரி ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குத் தாயாக நிற்பவள்.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும், ஜாமீன் நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் நிறைய. அவர்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு நிற்பதுதான் இந்த பெஞ்சின் தொழில். சொந்த வீடு, ஒழுங்காகக் கட்டிய வீட்டு வரி ரசீது, ஆதார் கார்டு, கூண்டருகே நின்று பேசக் கொஞ்சம் வாய். இவ்வளவுதான் முதலீடு. ஆனால் அப்படியொரு தொழில் இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வக்கீலுக்குத் தெரியும், டவாலிக்குத் தெரியும், மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். இருந்தாலும், "இந்த ஆள் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் ஒரு உறவைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 'தொழில்முறை ஜாமீன்தாரர்' என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். டாக்டரைத் தொழில்முறை என்றால் மரியாதை. ஜாமீன்தாரரைச் சொன்னால் வசவு.

ஞானத்தாய் என்ற யோசனை வக்கீல் சக்ரபாணியுடையது.

"அத்தை, சித்தின்னு சொன்னா வம்சாவளி கேப்பா மேரியம்மா. ஞானத்தாய்னா ஒருத்தரும் நோண்ட மாட்டா. சர்ச்சு சமாச்சாரம், கேக்கறவாளுக்கே கூச்சம்" என்று முதல் கேஸிலேயே சொல்லிக்கொடுத்தார்.

அப்படியே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் போகிற ஆரோக்கியமேரிக்கு உண்மையில் ஒரே ஒரு ஞானப்பிள்ளைதான். அவன் துபாயில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குக் கூடப் போன் செய்வதில்லை. கோர்ட்டு வழியாக வந்த பிள்ளைகள் எவ்வளவோ மேல்.

அவளுடைய அப்பா இந்தத் தெலுங்கு ஊருக்கு, லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். புருஷனும் அதே பட்டறைதான். ரிட்டயராகும் முன்பே செத்துப்போனான். லோத்குண்டாவில் ஒரு சின்ன மாடி வீட்டை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனதுதான் அவன் செய்த உருப்படியான காரியம். அந்த வீட்டைக் காட்டித்தான் அவள் ஊராரை வெளியே எடுத்தாள்.

பெஞ்சில் உள்ள மற்றவர்கள் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடுவார்கள். மேரியம்மாவின் முறை வேறு. கையெழுத்துப் போடும் முன், ஆளைப் பார்க்க மாட்டாள். ஆளின் வீட்டைப் போய்ப் பார்ப்பாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அந்த ஆள் இல்லாததால் அந்த வீட்டில் என்ன நின்றுபோயிருக்கிறது என்று கவனிப்பாள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவாள். அப்படிப்பட்டவன் ஓடிப்போவான், ஓடிப்போனதும் யாருக்கும் தெரியாது. இன்னொரு விதி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் லோத்குண்டா வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். போன் செய்தால் போதாதா என்று கேட்பவர்களிடம், "பீதர்ல இருந்துகிட்டு இங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்னு போன்ல சொல்லலாம். மூஞ்சி அப்படிச் சொல்லாது" என்பாள்.

குற்றம் செய்தானா இல்லையா என்று மட்டும் கேட்க மாட்டாள். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

ஜுலைகா விஷயத்திலும் கேட்கவில்லை. குகட்பள்ளியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்துகொண்டிருந்தவள். ஹாஸ்டல் முதலாளியைக் குக்கர் மூடியால் அடித்ததில் அவனுக்குத் தோள் எலும்பு விட்டுப்போனது. ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதமாகியும் நிற்க ஆளில்லை. போரபண்டாவில் அவளுடைய வீட்டுக்கு மேரியம்மா போனபோது, தகர ஷீட் போட்ட அந்த அறையில் ஜுலைகாவின் அம்மா மட்டும் இருந்தாள். அறைக்கு வெளியே, மொட்டை மாடியில் மூன்று ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் தழை கொண்டுவந்து போடுகிறார்கள், ஆடுகள் ரெண்டு வாய் கடித்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன என்று அந்த அம்மா புலம்பினாள். மகளைப் பற்றி அவ்வளவு புலம்பவில்லை.

மேரியம்மா டீயைக் குடித்து முடித்தாள். "ஆடு யாரு வாங்கினது?"

"அவதான். குட்டியா வாங்கி வளத்தது. ராத்திரி மூணையும் உள்ளே கொண்டாந்து பக்கத்துலயே படுக்க வச்சுக்குவா. நாத்தம், நக்கோ, வேணாம்னு சொன்னா கேட்டாத்தானே."

"சரி, நான் நிக்கிறேன்" என்றாள் மேரியம்மா.

ஜாமீன் தாக்கல் செய்த அன்று கோர்ட்டில் புதிய மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண். குரலை உயர்த்தத் தெரியாதவர் போல இருந்தார். அதுவே சக்ரபாணிக்குப் பிடிக்கவில்லை.

"கத்தறவாளைச் சமாளிச்சுடலாம் மேரியம்மா. இந்தம்மா பேப்பரைப் படிக்கறா" என்று காதோரம் சொன்னார்.

ஜுலைகா இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் நின்றாள். மேரியம்மாவை அவள் பார்த்ததே இல்லை என்பதால் பார்க்கவும் இல்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார். "குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

நாக்கு பழகிய தடத்தில் ஓடியது. "நான் அவளுக்கு ஞானத்தாய் மேடம்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு உறைத்தது. சக்ரபாணி கையிலிருந்த பைலால் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"ஜுலைகாவுக்கா?"

மேரியம்மா கையிலிருந்த வரி ரசீதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"ஞானஸ்நானம் எந்தச் சர்ச்சில் நடந்தது?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். டவாலி ஒரு அதட்டல் போட்டான். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த பழைய கேஸ் கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று மேரியம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சுனில், ஞானமகன். சரி, இருக்கட்டும். மணிவண்ணன், ஞானமகன். சாஹித்யா, ஞானமகள். சபீனா பேகம், ஞானமகள்." அவர் நிமிர்ந்தார். "உங்கள் திருச்சபை ரொம்பப் பெரியது."

"மேடம், குடும்ப நண்பர்னு எழுதறதுக்குப் பதிலா ஜூனியர் தவறுதலா..." என்று சக்ரபாணி ஆரம்பித்தார்.

"நான் உங்களைக் கேட்கவில்லை." மாஜிஸ்திரேட் அரசு வக்கீல் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இந்த மாதிரி ஆட்களால்தான் கோர்ட்டுக்கே கெட்ட பெயர்."

அங்கே இரண்டு வழி இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். மனு தள்ளுபடியாகும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் இந்த அம்மாவுக்கும் அலுத்துப்போகும், பெஞ்சு பழையபடி நடக்கும். ஜுலைகா மட்டும் உள்ளே இருப்பாள். அதைத்தான் சக்ரபாணி கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியமேரி கும்பிடவில்லை.

"எந்த மாதிரி ஆளு மேடம்?" என்றாள்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீர்கள்?"

"இந்த மாதிரி ஆளுன்னீங்களே, எந்த மாதிரின்னு கேட்டேன். நானே சொல்லிடுறேன். அவ எனக்கு ஒரு உறவும் இல்ல. ரெண்டு வாரத்துக்கு முந்தி அவ பேரே எனக்குத் தெரியாது. நான் கூலிக்கு ஜாமீன் நிக்கிறேன். இதுதான் என் தொழில்."

"அப்படியென்றால் இத்தனை நாளும் இந்தக் கோர்ட்டில் பொய் சொல்லியிருக்கிறீர்கள்."

"உறவு பொய்தான் மேடம். வீடு நெசம். வரி கட்டினது நெசம். இதுவரைக்கும் எத்தனை பேருக்கு நின்னேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே, அந்தக் கணக்கு நெசம். அத்தனை பேரும் வாய்தாவுக்கு வந்து நின்னாங்க, அதுவும் நெசம், பாத்துக்குங்க. உறவு என்னன்னு ஒவ்வொரு தடவையும் இங்க கேட்டாங்க. இல்லேன்னா வெளிய போன்னாங்க. அதனால ஒண்ணைச் சொன்னேன்."

"உறவில்லாத ஒருத்திக்கு எந்த நம்பிக்கையில் நிற்கிறீர்கள்? அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"மூணு ஆடு வச்சிருக்கா மேடம்."

இந்த முறை டவாலியே சிரித்துவிட்டான். மேரியம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அவளுக்கு வெட்கமாக இல்லை. எரிச்சலாக இருந்தது.

"சிரிங்க. அவ வீட்டுக்கு நான் போனேன், சிரிக்கிறவங்க யாரும் போகல. குட்டியில இருந்து வளத்த ஆடு. வேற யாரு கையாலயும் சரியாத் தின்ன மாட்டேங்குது. ராத்திரி பக்கத்துல படுக்க வச்சுக்குவாளாம். அதை விட்டுட்டு அவ ராய்ச்சூருக்கோ குல்பர்காவுக்கோ ஓடிருவாளா? என் மச்சான், என் தம்பின்னு இங்க வந்து நிக்கிறவங்க எத்தனை பேரு அந்த வீட்டு வாசலைப் பாத்திருக்காங்க?"

ஜுலைகா ஃபேனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

மாஜிஸ்திரேட் பழைய கட்டுகளை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "இவருடைய வீடு, நடத்தை, இவர் சொல்லும் நடைமுறை, எல்லாவற்றையும் ஸ்டேஷன் மூலம் விசாரித்து அறிக்கை வரட்டும். அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும். திங்கட்கிழமை" என்றார். மேரியம்மாவைப் பார்த்து, "பழைய பொய்களுக்குத் தனியாக நோட்டீஸ் வரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"வரட்டும் மேடம்."

ஜுலைகாவை அழைத்துப் போனார்கள். மேரியம்மாவைத் தாண்டும்போது அவள் ஒரு நொடி நின்று, "ஆடுங்க எப்படி இருக்கு அம்மா?" என்று கேட்டாள்.

"இளைச்சுப்போச்சு" என்றாள் மேரியம்மா. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆடு இளைத்துத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சக்ரபாணி பிடித்துக்கொண்டார். "கைக்கு மேரியம்மா, எதுக்கு? நன்னாப் போயிண்டிருந்த வண்டியை எதுக்குக் குழியில இறக்கினேள்? இனிமே எந்த வக்கீல் உங்களைக் கூப்பிடுவான்? என்னையும் சேத்துக் கூண்டுல ஏத்திடுவா போலிருக்கே!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு நான் சொல்லலையே சார்."

"சொல்லலை. அந்த மட்டும் சந்தோஷம்."

பெஞ்சில் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வேதாசலம் எழுந்து நின்று வரவேற்றார், மரியாதைக்காக அல்ல. "வாம்மா சத்தியவந்தி. உன்னால நாளையிலேருந்து எல்லாருக்கும் விசாரணையாம். நான் எத்தனை பேருக்குத் தாய்மாமன்னு உனக்கே தெரியும். அத்தனை அக்காவுக்கு நான் எங்கேம்மா போவேன்?"

"போய் அவங்க வீட்டைப் பாத்துட்டு வாங்கண்ணே. டீ குடுப்பாங்க."

"நக்கல் பண்ணாதே. ஊரு நம்மளை என்னன்னு பேசுதுன்னு தெரியுமில்லே? புரோக்கருன்னு பேசுது. மாமன், மச்சான்னு சொல்லிக்கிட்டா ஒரு துண்டாவது தோள்ல கெடக்குற மாதிரி. நீ அதையும் உருவிப் போட்டுட்டே."

"துண்டு போட்டு மறைக்க என்னண்ணே இருக்கு? திருட்டுச் சரக்கா?" என்றாள் மேரியம்மா. "உழைச்சுக் கூலி வாங்குறேன். எனக்குத் துண்டு வேணாம்."

உமாசங்கர், அவள் உட்கார்ந்ததும் எழுந்து போனான். அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். வேதாசலமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்துகொண்டார். பெஞ்சு முழுக்க அவளுக்குத்தான். பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை அங்கேயே தின்று முடித்தாள்.

ஆனால் விசாரணை என்றதும் அவள் கவலைப்பட்டது உண்மை. போலீசுக்காக அல்ல, சந்துக்காக.

லோத்குண்டாவில் அவள் சந்தில் பாதிக்குமேல் தமிழ்க் குடும்பங்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்த்து, கடன் வாங்கி வீடு கட்டியவர்கள். சந்துச் சங்கத்தின் செயலாளர் விஸ்வநாத் எதிர்வீடு. அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். சந்தில் ஒரு குழாய் கசிந்தாலும் வாட்ஸாப்பில் போட்டோ போடுவார். 'போலி ஜாமீன்தாரர் கும்பல் கைது' என்ற செய்தி எங்கே வந்தாலும் சங்கத்தின் குழுவில் அதைப் போட்டு, கீழே 'எல்லோர் கவனத்துக்கும்' என்று எழுதுவார். முகத்தில் துணி போட்டு வரிசையாக உட்கார வைத்த ஆட்களின் படம் அதில் இருக்கும். மேரியம்மா ஒவ்வொரு முறையும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்புவாள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாய்தாவுக்கு முந்தின நாட்களில் மேரியம்மாவின் வாசலில் யாராவது ஒருவர் வந்து நிற்பார். போன தை மாதம் விஸ்வநாத்தின் மகள் ஸ்ரேயாவைப் பெண் பார்க்க வந்த குடும்பம், காரை விட்டு இறங்கியதும் எதிரே படியில் உட்கார்ந்திருந்த ஞானமகன் சுனிலிடம்தான் வழி கேட்டது. அவன் நல்லபடியாக வழி சொன்னான். கூடவே, தான் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொன்னான். அந்தச் சம்பந்தம் நின்றது அதனால்தான் என்று விஸ்வநாத் நம்பினார். கச்சிபௌலியில் வேலை பார்க்கும் ஸ்ரேயா, தானே அந்தப் பையனை வேண்டாம் என்று சொன்னதாக மேரியம்மாவிடம் காய்கறி வண்டியருகே சொல்லியிருந்தாள். அதை விஸ்வநாத்திடம் சொல்வது மேரியம்மாவின் வேலை இல்லை.

சனிக்கிழமை காலை அவரே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஸ்டேஷனிலிருந்து சங்கத்துக்குப் போன் வந்திருந்தது.

"மேரியம்மா, உக்காந்து பேசலாமா?"

"உக்காருங்க சார். காபி?"

"வேண்டாம். விஷயத்துக்கு வர்றேன். பதினொரு மணிக்குக் கான்ஸ்டபிள் வர்றார். உங்க நடத்தை எப்படின்னு கேட்பார். நான் என்ன சொல்லணும்?"

"உங்களைத்தானே கேக்கப் போறாரு."

"நான் நல்லபடியாச் சொல்றேன். அமைதியான குடும்பம், சர்ச்சுக்குப் போறவங்க, நல்ல மனுஷின்னு சொல்றேன். ஆனா நீங்க சங்கத்துக்கு ஒரு வரி எழுதிக் குடுக்கணும், இதோட நிறுத்திக்கிறேன்னு. இந்த ஒரு கேஸ், இதுக்கப்புறம் யாரும் இந்தச் சந்துக்குள்ள வரக் கூடாது. உங்களுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, மாடி வாடகை வருது. எதுக்கும்மா இந்த ஈனத் தொழில்?"

ஈனத் தொழில் என்ற வார்த்தையை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அது தானாக வந்து விழுந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

எழுதிக் கொடுத்தால் ஜுலைகா திங்கட்கிழமை வெளியே வருவாள், சந்தேகமில்லை. நல்ல மனுஷி என்ற பட்டமும் கிடைக்கும். எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றவும் செய்யலாம், பெஞ்சில் அதற்கெல்லாம் பஞ்சமில்லாத யோசனைகள் உண்டு. ஆனால் புதன்கிழமை கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் இதுதான் என் தொழில் என்று சொன்ன வாய். சனிக்கிழமை அதையே ஈனத் தொழில் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதா?

"எழுதித் தர மாட்டேன் சார்."

"அப்ப நானும் நல்லபடியாச் சொல்ல மாட்டேன்."

"நல்லபடியாச் சொல்லுங்கன்னு நான் கேக்கலையே. என்ன நடக்குதோ அதைச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்" என்று விஸ்வநாத் எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

சொன்னார். கான்ஸ்டபிளை நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார். மேரியம்மா தன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கேட்க வேண்டும் என்றுதான் அவர் உரக்கச் சொன்னார்.

"வீடு அந்தம்மாவோடதுதான், அதுல சந்தேகமில்லை. ஆனா எழுதிக்குங்க. இவங்க கூலிக்கு ஜாமீன் நிக்கிறாங்க. ஊரு பேரு தெரியாதவங்க எல்லாம் இந்தச் சந்துக்கு வர்றாங்க. எப்பன்னு கேளுங்க. கேஸுக்கு முந்தின நாள். ஒவ்வொரு கேஸுக்கும் முந்தின நாள்! மழை பெஞ்சாலும் விடறதில்லை. போன வருஷம் வெள்ளம் வந்து சந்துல முழங்கால் தண்ணி, அப்பவும் ஒருத்தன் பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு வந்தான். வராதவனைத் தேடிக்கிட்டு இவங்களே ஆட்டோ புடிச்சுப் போறாங்க. ஒரு தடவை ஒருத்தனைக் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்து இந்தப் படியில உக்கார வச்சாங்க. என் கண்ணால பார்த்தேன். இதெல்லாம் ஒரு மரியாதையான சந்துல நடக்கிற காரியமா?"

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே, "வந்தவங்க யாராவது திருட்டு, தகராறு?" என்று கேட்டார்.

விஸ்வநாத் வாயைத் திறந்தார். மூடினார். மேரியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அந்த மனிதர் முப்பது வருஷம் ஆபீசில் இல்லாததை எழுதாதவர். அது அவளுக்குத் தெரியும்.

"இல்லை" என்றார் கடைசியில். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனா தொந்தரவு."

"தொந்தரவு" என்று கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். மேரியம்மா நிமிர்ந்து நின்றாள். சக்ரபாணி வந்திருந்தார். ஆனால் இரண்டடி தள்ளி, வேறு யாருடைய வக்கீலோ போல நின்றார்.

"அக்கம்பக்கத்தார் உங்கள் மேல் புகார் சொல்லியிருக்கிறார்கள்."

"தெரியும் மேடம்."

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருகிறார்கள், அதனால் தொந்தரவு என்கிறார்கள். வராதவர்களை நீங்களே தேடிப்போய் இழுத்து வருகிறீர்கள் என்றும்."

"ஆமா மேடம். இழுத்துட்டு வந்தது ஒருத்தனைத்தான். அவன் குடிச்சிருந்தான்."

மாஜிஸ்திரேட்டின் உதட்டோரம் ஏதோ ஒன்று அசைந்து அடங்கியது. அரசு வக்கீலைப் பார்த்து, "இப்படிப் புகார் வாங்கிய ஜாமீன்தாரரை நான் இதுவரை பார்த்ததில்லை" என்றார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சொன்னார், "ஏற்கிறேன். ஆனால் இந்தப் பெண் ஒரு வாய்தாவுக்கு வராவிட்டாலும், அதன்பிறகு இந்தக் கோர்ட்டில் உங்கள் பெயர் வராது. இனிமேல் யாருக்கும். புரிந்ததா?"

"புரியுது மேடம்."

"நோட்டீசுக்குப் பதில் எழுதுங்கள். அது வேறு விஷயம்."

"அதுக்கும் வந்து நிப்பேன்."

ஜுலைகா அடுத்த நாள் மாலை வெளியே வந்தாள். மேரியம்மா சிறை வாசலுக்குப் போகவில்லை. அதெல்லாம் சொந்தக்காரர்கள் செய்கிற வேலை. போனில் மட்டும் தேதியைச் சொன்னாள், முந்தின நாள் வர வேண்டும் என்றாள், விலாசத்தைச் சொன்னாள். "ஹவ், ஹவ் அம்மா, வந்துடுறேன்" என்றாள் ஜுலைகா. பின்னால் ஆடு கத்தியது.

அதன்பின் சக்ரபாணி கூப்பிடவில்லை. வேறு வக்கீல்களும் கூப்பிடவில்லை. மேரியம்மா தினமும் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒருநாள் வேதாசலம் பெஞ்சின் அந்தப் பக்கக் கோடியில் வந்து உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனா, முதல்ல என்ன கேக்கணும்?" என்றார். அவள் சொன்னாள்.

ஜுலைகாவின் வாய்தாவுக்கு முந்தின நாள் காலையில் மேரியம்மா ஒரு காரியம் செய்தாள். அல்வாலில் பெயின்டரிடம் சொல்லிவைத்திருந்த தகரப் பலகையை வாங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். தெலுங்கில், உருதுவில், தமிழில் மூன்று வரி. 'எஸ். ஆரோக்கியமேரி, ஜாமீன்தாரர்.' கீழே வீட்டு எண்ணும் போன் நம்பரும். விஸ்வநாத்தின் சுவரில் அவர் பெயரும் பழைய பதவியும் பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தன. இது வெறும் தகரம். ஆனால் எழுத்து பெரியது.

சுத்தியல் சத்தத்துக்கு அவர் வெளியே வந்தார். பலகையை ஒரு முறை படித்தார். நம்பாமல் இன்னொரு முறை படித்தார்.

"மேரியம்மா, இதைக் கழட்டுங்க."

"டாக்டர் மாட்டுறாரு, வக்கீல் மாட்டுறாரு. ரிட்டயரான நீங்களே மாட்டியிருக்கீங்க."

"சங்கத்துலேருந்து நோட்டீஸ் அனுப்புவேன்."

"அனுப்புங்க சார். அட்ரஸ் போர்டுலயே இருக்கு."

அவர் போனை எடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பகலெல்லாம் யாரும் வரவில்லை. நாலு மணிக்கு ஜுலைகாவின் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்துக்கும் அதே. மேரியம்மா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. இந்த ஒருத்தி வராவிட்டால் எல்லாம் முடிந்தது. கோர்ட்டு, பெஞ்சு, இந்தப் புதுப் பலகை, வீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர், எல்லாமே. பொழுது சாய்ந்தால் ஆட்டோ பிடித்துப் போரபண்டாவுக்குப் போவதென்று செருப்பை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டில் விஸ்வநாத் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தொட்டிக்கே திரும்பவும் ஊற்றினார்.

"என்ன, இன்னும் வரலையா உங்க ஆளு?"

"வருவா."

"வரலைன்னா?"

"வரலைன்னா உங்களுக்கு நிம்மதி. வந்தா எனக்கு. பொறுங்க, யாருக்குன்னு பாப்போம்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவரும் சந்து முனையைப் பார்த்தார்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது முனையில் ஒரு பெண் வந்தாள். வேகவேகமாக, ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். விஸ்வநாத்தின் வீட்டு முன் நின்று அவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தவள், எதிர்ச்சுவரில் பலகையைப் பார்த்ததும் கேட்காமல் திரும்பினாள்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?" என்றாள் மேரியம்மா. எழுந்திருக்கவில்லை.

"போன்ல சார்ஜ் இல்லம்மா. ரெண்டு பஸ் மாறி, தப்பான ஸ்டாப்புல இறங்கிட்டேன்."

"விளக்கு வெளிச்சத்துக்கு வா."

ஜுலைகா வந்து நின்றாள். மேரியம்மா அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அதிகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"காலையில பத்துக்குள்ள கோர்ட்டுல இரு. போன் சார்ஜ் பண்ணிக்கோ. போ."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை தூரம் வரச் சொன்னீங்க?"

"இதுக்குத்தான். அடுத்த வாய்தாவுக்கும் இதுக்குத்தான் வருவே."

ஜுலைகா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். விஸ்வநாத் கேட்டை விட்டுக் கையை எடுத்தார். பிறகு குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேரியம்மா செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகலாம் என்று எழுந்தபோது சந்து முனையில் ஒரு ஆட்டோ நின்றது. அதிலிருந்து இறங்கிய நடுவயதுக்காரி, கையில் ஜாமீன் உத்தரவு போலிருந்த ஒரு பேப்பரைப் பிடித்துக்கொண்டு, சுவர்களைப் படித்தபடி நடந்து வந்தாள். மேரியம்மா அவளை இதற்கு முன் பார்த்ததில்லை. வக்கீல் யாரும் அனுப்பிய ஆளாகவும் தெரியவில்லை.

"இங்கதான். வாங்க" என்று உரக்கச் சொன்னாள் மேரியம்மா, சந்து முழுக்கக் கேட்கும்படி. "முதல்ல உங்க வீடு எங்கன்னு சொல்லுங்க."